கட்டுரை எழுதக் கற்பிக்கின்றோமா? படியெடுக்கக் கற்பிக்கின்றோமா?



சென்ற ஆண்டு மாவட்டத் தலைநகர் ஒன்றில் தமிழன்பர் சிலர் கூடிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினர். நடுவர் மூவருள் யானும் ஒருவன். 'எங்கள் ஊர் ஏரி' என்பது தலைப்பு. வீட்டிலிருந்தே எழுதி ஒரு திங்களுக்குள் விடுக்கலாம் என்பது ஏற்பாடு. அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. முதற்பரிசுக்குரியதென யாங்கள் தேர்ந்தெடுத்த கட்டுரை குறளொன்றில் தொடங்கிக் கரிகாலனையும் கல்லணையையும் போற்றித் தாய்மொழி வாழ்த்தில் முடிந்திருந்தது. அயற்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. 'ஏரியின் கறையை உயர்த்துதல் வேண்டும்' என்று ஓரிடத்தில் இருந்தது. கரை கறையாகியிருந்ததை விரைவில் நேர்ந்த கைப்பிழை என்று கருதி அரை மதிப்பெண் குறைத்தோம். பரிசை வழங்கினோம், கைதட்டினோம், வீடு திரும்பினோம்.

மூன்று திங்கள் கழித்து உறவினர் ஒருவர் வீட்டில், அவர் மகனின் மேசைமீது கிடந்த தேர்வுத் துணைநூலைப் புரட்டினேன். ஏரி பற்றிய கட்டுரை ஒன்று கண்ணிற் பட்டது. அதே குறள், அதே கரிகாலன், அதே வாழ்த்து. அதே 'கறை'யும் அச்சிலேயே இருந்தது! வீட்டிற்கு வந்ததும் போட்டிக் கட்டுரைக் கட்டை அவிழ்த்து மீண்டும் பார்த்தேன். அக்'கறை' 9 கட்டுரைகளில் படிந்திருந்தது. ஒன்பது ஊர்களின் ஏரிகளுக்கும் ஒரே கறை! அவ்வொன்பதின்மரும் தத்தம் ஊர் ஏரியை ஒருமுறையேனும் எட்டிப் பார்த்து எழுதினரா என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை.

பிள்ளைகளை யான் பழிக்கவில்லை. அவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்தது அதுதானே! பத்தாம் வகுப்புத் தமிழ்த்தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் எழுதும் மாணவன், கட்டுரைக்கென 8 மதிப்பெண் பெறுகின்றான். குறிப்புகள் வினாத்தாளிலேயே தரப்படுகின்றன. முன்னுரை, நடுவே நான்கைந்து உட்தலைப்பு, முடிவுரை என்று சட்டகம் போட்டு, நெட்டுருச் செய்த தொடர்களை அதனுள் நிரப்பினால் 7 மதிப்பெண்ணுக்குக் குறையாது. அவ்வாறிருக்கத் தானே எண்ணி எழுத முயன்று 5 மதிப்பெண்ணோடு நிற்க எந்தப் பிள்ளை துணியும்? எந்தப் பெற்றோர் துணிவர்? இன்றைக்கோ துணைநூலும் வேண்டியதில்லை. கைப்பேசியில் தலைப்பைச் சொன்னால் நொடியில் கட்டுரை வந்து விழுகின்றது. அதில் அச்சுப்பிழையும் இராது. களவைக் காட்டிக்கொடுக்க ஒரு கறையேனும் இருந்த காலமும் போயிற்று.

இதனினும் என் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. அக்கட்டின் அடியில், யாங்கள் மூவருமாகத் தள்ளிவைத்த ஒரு கட்டுரை கிடந்தது. செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி எழுதியது. பிளாட், லாரி, ரோடு, மோட்டார் என 7 அயற்சொற்களை அதில் எண்ணிச் சிவப்பு மையால் வட்டமிட்டவன் யானே. வட்டமிட்ட வேகத்தில் அது என்ன சொல்லுகின்றது என்பதை நான் படிக்கவேயில்லை. இதனை எழுதவே நாணமாயிருக்கின்றது. எனினும் எழுதத்தான் வேண்டும்.

அப்பெண்ணின் தமிழாசிரிய அம்மையாரைத் தேடிச் சென்று கண்டேன். அவர் எதுவும் சினந்து பேசவில்லை. பேழையிலிருந்து தாள்கள் சிலவற்றை எடுத்து என்முன் வைத்தார். ஒன்று குறிப்புத்தாள், ஒன்று முதல் வரைவு, ஒன்று உடன்பயிலும் மாணவன் ஒருவன் எழுதிக்கொடுத்த சீட்டு, இன்னொன்று திருத்தி எழுதிய கட்டுரை. யாங்கள் கண்டது இறுதித் தாளை மட்டுமே.

குறிப்புத்தாளில் 11 செய்திகள் வந்தது வந்தபடி எழுதப்பட்டிருந்தன. தாமரை, விரால்மீன், ஏரிக்கரைப் பனைகள், மதகு, ஆடிப்பெருக்கு, 2015-ஆம் ஆண்டு வெள்ளம், நீர்க்கட்டியாயிருந்த பாட்டன், வேலிக்கருவை, கலங்கல் என்று இப்படி. (ஏரிநீரை மடைமடையாகப் பங்கிட்டுப் பாய்ச்சும் ஊர்ப்பணியாளரை நீர்க்கட்டி என்பது அப்பக்கத்து வழக்கு. ஏரி நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் வாயே கலங்கல்.) தாளைப் பார்த்த அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "படிப்பவர் தாளை மூடி வைத்தபின் ஒரே ஒரு செய்திதான் அவர் நினைவில் நிற்கும் என்றால், எது நிற்க வேண்டும்?" அப்பெண் இரண்டு நாள் எண்ணிப் பார்த்து அடியில் எழுதியிருக்கின்றாள்: '2015-இல் எங்கள் ஏரி உடைந்தது மழை மிகுந்ததால் மட்டும் அன்று; கலங்கலின் வழி அடைபட்டதால்.' எழுதியபின் விராலையும் ஆடிப்பெருக்கையும் அவளே அடித்துவிட்டாள். தாமரையை மட்டும் அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை போலும். முதல் வரைவின் இரண்டாம் பத்தியில் அது மீண்டும் தலைகாட்டுகின்றது!

கட்டுரை என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். கட்டப்பட்ட உரை கட்டுரை. வீடு கட்டுவோன் கல்லும் மணலும் வந்து இறங்கியவுடன் சுவரெழுப்பத் தொடங்குவதில்லை. மனையளந்து, நூல் பிடித்து, கடைகால் எங்கே, வாயில் எங்கே என்று வரைந்த பின்னரே மண்வெட்டியைத் தொடுகின்றான். இது மேலைநாட்டார் வந்து நமக்குக் கற்பித்த முறையா? ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தியார் செய்த நன்னூல், ஒரு நூலுக்குரிய உத்திகளாக முப்பத்திரண்டைச் சொல்லுகின்றது. சொல்லவந்த பொருள் இன்னதெனக் கருதித் தொடங்குவதை நுதலிப்புகுதல் என்கின்றது. விரிந்ததை வகுத்துக் காட்டுவதும், பரந்ததைத் தொகுத்துச் சுட்டுவதும், எது முன் எது பின் என்று முறைப்பட வைப்பதும் அவ்வுத்திகளுள் அடங்குவனவே. அப்பெண்ணின் குறிப்புத்தாளில் நடந்தது இதுவன்றி வேறென்ன? நன்னூலைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்விக்கின்றோம். அது சொல்லும் வழியில் ஒரு பக்கமேனும் எழுதுவிக்கின்றோம் அல்லேம்.

இனி அந்தச் சீட்டிற்கு வருவேன். என்னைத் தலைகுனியச் செய்தது அதுவே.

அம்மையார் தம் வகுப்பில் ஒருவர் வரைவை இன்னொருவர் படிக்கும் வழக்கத்தை வைத்திருக்கின்றார். படிப்பவர் செய்யவேண்டியவை மூன்று. கட்டுரை என்ன சொல்லுகின்றதென்று தன் சொல்லில் ஒரே தொடரில் எழுதவேண்டும். எந்த இடத்தில் விளங்காமல் நின்றோமோ அந்த இடத்தில் ஓரத்தில் கோடிடவேண்டும். எழுதியவரிடம் வினா ஒன்றேனும் கேட்கவேண்டும். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை திருத்தும் வேலை அவர்களுக்கு இல்லை. அது பின்னர் ஆசிரியர் பார்த்துக்கொள்வது. 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதும் கூடாது. நன்றாயிருந்தால் எந்தத் தொடர் நன்றாயிருக்கின்றதென்று காட்டவேண்டும்.

அப்பெண்ணின் வரைவைப் படித்த பையன் எழுதிய சீட்டு நான்கே வரி. முதல் வரியில் கட்டுரையின் பொருளைச் சரியாகவே சொல்லியிருந்தான். இரண்டாவது, 'தாமரை எதற்கு?' மூன்றாவது, 'கலங்கல் அடைபட்டிருந்தது என்று எப்படித் தெரியும்? யார் பார்த்தது?' நான்காவது வரியைப் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன். 'கலங்கல் வாய்க்காலை அடைத்துக் கட்டிய வீடுகள் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஒன்று எங்கள் வீடு. நாங்கள் எங்கே போவது?'

திருத்திய கட்டுரையில் தாமரை இல்லை. மூன்றாம் வினாவிற்கு விடையாக, பாட்டனை அழைத்துக்கொண்டு கலங்கல்வரை நடந்து சென்று, வாய்க்கால் முன்னர் எத்தனை முழம் அகலம் இருந்தது, இப்போது எத்தனை முழம் இருக்கின்றது என்று அவர் காட்டியதை ஆறு வரியில் எழுதியிருந்தாள். நான்காம் வினாவிற்கு ஒரு முழுப் பத்தி. அந்த மனைகளை வாங்கியவர்கள் கூலிவேலை செய்வோர். வாய்க்கால் என்று தெரியாமல், தெரிந்தோரால் விற்கப்பட்டு வாங்கியவர்கள். விற்றவர் இன்று ஊரில் இல்லை. வீட்டை இடிக்குமுன் மாற்றிடம் காட்டவேண்டியது எவர் பொறுப்பு என்று கேட்டிருந்தாள். பிளாட் என்னும் சொல்லும் லாரி என்னும் சொல்லும் வந்தது அந்தப் பத்தியில்தான். யான் வட்டமிட்டதும் அங்கேதான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் தமக்குள் இப்படியொரு வழக்கை நடத்தியிருக்கின்றனர், அதுவும் தமிழில்! கறை படிந்த கட்டுரைக்குப் பரிசளித்துவிட்டு இதனைத் தள்ளிய யாங்கள் மூவரும் தமிழன்பர்கள்!

உடன்பயில்வோர் ஒருவரையொருவர் படித்து ஆய்வதைப் புதுமை என்று சிலர் புருவம் நெரிக்கின்றனர். ஆசிரியன் இருக்க மாணவன் மாணவனைத் திருத்துவதா என்கின்றனர். இவர்கள் நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆசிரியன் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்கு வருவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. இஃது அந்நூல் காட்டும் கணக்கு. நம் வகுப்பறைகள் முதற் காற்பங்கோடு நின்றுவிடுகின்றன. இன்னும் கேளுங்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யும் தகுதியுடையோரை எண்ணும்போது, ஆசிரியனை அடுத்து உடன்கற்றவனையும் அந்நூல் சேர்த்தே எண்ணுகின்றது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது உரையாசிரியர் கூற்று. அப்பாயிரமோ, பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் ஆராயப்பட்ட செய்தியைச் சொல்லுகின்றது. தொல்காப்பியமே அவையின் ஆய்வைத் தாண்டி வந்ததென்றால், நம் பிள்ளைகளின் இரண்டு பக்கத்திற்கு ஆய்வு வேண்டாவா?

நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பர். அவர்கள் கேட்பது முறையே. பிரிவுக்கு 40 பிள்ளைகள் என நான்கு பிரிவுகளை ஓராசிரியர் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 160 கட்டுரை. ஒன்றிற்குப் பத்து மணித்துளி என்றாலும் 26 மணி நேரத்திற்கு மேல் ஆகின்றது. எந்த மாந்தனால் இயலும்? அதனாற்றான் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்து நடுவில் ஒரு கோடிழுத்துக் கையெழுத்திடும் வழக்கம் வந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் படித்தால் ஆசிரியர் கைக்கு வருமுன்னரே பாதிக் குப்பை கழிந்துவிடும். நாற்பது கட்டுரைகளை ஆசிரியர் ஒருவர் படிப்பதற்கு மாறாக நாற்பது பேர் ஆளுக்கொன்று படிக்க ஒரு பாடவேளை போதும்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. பிள்ளைகளை அவரவர் விருப்பம்போல் இணைசேரவிட்டால், தெருப் பார்த்துத்தான் சேருவர். நம் சிற்றூர்ப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. அவ்வம்மையார் சீட்டுக் குலுக்கி இணைசேர்க்கின்றார். ஒரு தெருப்பிள்ளை எழுதியதை வேறொரு தெருப்பிள்ளை படிக்கின்றது. ஏரிக் கட்டுரையில் நான்காம் வினா எழுந்தது அதனாலேயே என்று யான் எண்ணுகின்றேன். ஒத்த தெருவாராய் இருந்திருப்பின் இருவரும் சேர்ந்து வாய்க்கால் வீட்டாரைத் திட்டிவிட்டு அமைந்திருப்பர்.

குற்றங்காண்பதிலும் நமக்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்லுகின்றது. அப்பத்தையும் பிள்ளைகளிடம் ஒருங்கே கொடுத்தால் மருளுவர். மூன்றைக் கொடுத்தால் போதும். கூறியது கூறல்: முன்பத்தியில் சொன்னதையே பின்பத்தியிலும் சொல்லியிருக்கின்றாளா? மற்றொன்று விரித்தல்: ஏரியைப் பேச வந்து தாமரையில் இறங்கிவிட்டாளா? சென்றுதேய்ந்திறுதல்: தொடக்கத்திலிருந்த விறைப்பு போகப்போகக் குன்றி, முடிவில் வெறும் வாழ்த்தாய்க் கரைந்துவிட்டதா? இம்மூன்றாவது குற்றமே இன்றைய தேர்வுக் கட்டுரைகளின் தலையாய நோய். முடிவுரை என்னும் உட்தலைப்பின்கீழ் நாட்டையும் மொழியையும் உலகையும் ஒருசேர வாழ்த்திவிட்டு எழுந்துபோவது. அந்த வாழ்த்துக்கு அரை மதிப்பெண் கூட்டிப்போட்ட கை என் கையும்தான்.

இப்போது நம்மவரோடு ஒரு சொல். சிலர் சினக்கக்கூடும்.

அயற்சொல் களைதலில் எனக்கு யாரினும் குறைந்த ஆர்வம் இல்லை. முப்பது ஆண்டாக அதனையே தொழிலாகக் கொண்டவன். ஆனால் களையெடுப்பது எப்போது? பயிர் முளைத்த பின்னரா, விதைக்குமுன்னரா? வரைவெழுதக் குனியும் பிள்ளையின் தோளுக்குமேல் நின்று 'லாரி என்னாதே, சரக்குந்து என்று எழுது' என்றால், அப்பிள்ளை தான் கண்டதை விட்டுவிட்டுப் பிழையற்றதை எழுதத் தொடங்கிவிடும். பிழையற்றது எங்கே கிடைக்கும்? துணைநூலில் கிடைக்கும். அப்படித்தான் அவ்வொன்பதின்மரும் போயினர். முதல் வரைவில் வாய்க்கு வந்த சொல்லில் எழுதட்டும். பொருள் நிலைத்தபின், இரண்டாம் முறை எழுதும்போது, பிளாட்டை வீட்டுமனையாக்க ஒரு நொடி போதும். அந்நொடிக்காக அந்தப் பத்தியையே இழக்கவேண்டுமா?

நம் முன்னோர் செய்ததும் அதுவே. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் நோன்பு பூண்டபோது, அதற்குமுன் வடசொல் விரவி அவர் எழுதிய நூல்கள் பல வெளிவந்துவிட்டிருந்தன. அவற்றை அவர் எரித்துவிடவில்லை. பின்வந்த பதிப்புகளில் திருத்தித் திருத்தித் தூய தமிழாக்கினார். ஞானசாகரம் அறிவுக்கடலானதும், வேதாசலம் மறைமலையானதும் அப்படித்தான். முன்பு ஒரு பெயர் இருந்தது, பின்பு அது மாற்றப்பட்டது. பாவாணரை வேர்ச்சொல்லுக்காகப் போற்றுகின்றோம். அவர் பள்ளியாசிரியராயிருந்து மாணவர்க்கெனக் கட்டுரை வரைவியலும் உயர்தரக் கட்டுரை இலக்கணமும் எழுதியதை நம் மேடைகளில் எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? சொல்லாய்வு தலைசிறந்த அறிஞருக்கும், பதின்மூன்று அகவைப் பிள்ளைக்குப் பத்தியமைக்கக் கற்பிப்பது தாழ்ந்த வேலையாய்த் தோன்றவில்லை.

தன் வழக்கைத் தானே வரிசைப்படுத்தி எழுதத் தெரியாத பிள்ளை, நாளை வட்டாட்சியர் அலுவலகத்து வாயிலில் எழுதிக்கொடுப்போரைத் தேடி நிற்கும். எழுதிக்கொடுப்பவர் எழுதுவதே அதன் வழக்காகிவிடும். ஏரி உடைந்ததேன் என்பதை அப்பெண் எழுதாவிடின் அவ்வூரில் வேறு எவர் எழுதுவார்?

ஆகவே, வரும் சுறவத் திங்களில் நடத்தவிருக்கும் போட்டிக்கு அன்பர்களிடம் இதனை முன்வைத்துள்ளேன். இறுதிக் கட்டுரையை மட்டும் வாங்கவேண்டா. குறிப்புத்தாள், முதல் வரைவு, உடன்பயில்வோர் எழுதிய சீட்டு, திருத்திய கட்டுரை ஆகிய நான்கையும் ஒன்றாய்த் தைத்து விடுக்கச் சொல்லுவோம். இரவல் கட்டுரை எழுதுவோர் இவற்றையும் புனையலாம்; எனினும் அதற்குப் படும் பாட்டில் பாதியில் உண்மைக் கட்டுரையே எழுதிவிடலாம். பரிசு பெறுவோரோடு சீட்டெழுதியவர் பெயரையும் மேடையில் படிப்போம். அயற்சொல்லுக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டு, ஏற்ற தமிழ்ச்சொல்லை ஓரத்தில் எழுதி, தாளைத் திருப்பி விடுப்போம். இருவர் உடன்பட்டிருக்கின்றனர். ஒருவர் இன்னும் தலையசைக்கவில்லை.

அந்த ஏரிக் கட்டுரையை நம் இதழில் வெளியிட விரும்பி அம்மையாரிடம் கேட்டேன். அப்பெண்ணைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். ஒரு கிழமை கழித்து மடல் வந்தது. இப்போது தரமாட்டாளாம். மாற்றிடம் காட்டவேண்டியது எவர் பொறுப்பு என்று கேட்டுவிட்டு விடை எழுதாமல் விட்டிருப்பதாக அந்தப் பையன் மீண்டும் சீட்டெழுதிக் கொடுத்திருக்கின்றானாம். இருவருமாக ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று கேட்டுவந்து எழுதப்போகின்றனராம்.